அஞ்சுத்தாள் லெவ்கோ

எங்கள் சுபோத்திவ் ஊரில் லெவ்கோ என்ற பேர் நாலைந்து பேருக்கு உண்டு. வெறுமனே லெவ்கோ என்று கேட்டால் எந்த லெவ்கோ என்பார்கள். அஞ்சுத்தாள் லெவ்கோ என்று கேட்டால் யாரும் யோசிக்கமாட்டார்கள், கோயில் மேட்டுப் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள்.

அவர் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். கூட்டுப்பண்ணையில் இரும்பைப் பற்றவைக்கும் வேலை பார்த்தார். உழவு இயந்திரத்தில் எது உடைந்தாலும் அவர் கைக்குத்தான் வரும். பிறகு பண்ணை கலைந்தது. பசுக்களை ஆளாளுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள், கூரைத் தகரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. லெவ்கோவுக்குக் கிடைத்தது ஒரு ஏணியும் இரண்டு வாளியும். வேலை இல்லாமல் இரண்டு வருடம் சும்மா இருந்தார், கொஞ்சம் குடித்தார். அப்போதுதான் கோயிலுக்கு ஒரு காவல் ஆள் வேண்டும் என்று பாதிரியார் மெஃபோதி கேட்டார். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சாவி வைத்துக்கொள்ள வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், புல் வெட்ட வேண்டும், வேளைக்கு மணி அடிக்க வேண்டும். ஆண்டவர் வீட்டுக் கதவைத் திறக்கிற வேலை என்று சொல்லி லெவ்கோ ஒப்புக்கொண்டார். குடியும் தானாக விட்டுப்போயிற்று.

அந்த வருட இலையுதிர் காலத்தில் புதுப் பணம் வந்தது. ஐந்து ஹிரிவ்னியா நோட்டு நீல நிறம். ஒரு பக்கம் ஹெட்மான் போஹ்தான், எங்கள் கோசாக் போர்வீரர்களின் தலைவர், இறகு வைத்த தொப்பியும் தொங்கு மீசையுமாக. மறுபக்கம் திருப்பினால் எங்கள் கோயில். அவர் கட்டின கோயில், அவரைப் புதைத்த கோயில். கோட்டை மாதிரித் தடித்த சுவர், குறுகின சன்னல், முன்பக்கம் வளைந்து வளைந்து ஏறும் முகப்பு. லெவ்கோ அந்த நோட்டைக் கடையில் வாங்கிப் பார்த்தவர், வாங்க வந்த உப்பை அங்கேயே வைத்துவிட்டு மேட்டுக்கு நடந்துவிட்டார்.

படம் வரைந்தவர் எந்த இடத்தில் நின்று பார்த்திருப்பார் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. மூன்று நாள் நோட்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன்னே போவதும் பின்னே வருவதுமாக இருந்தார். மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று ஊரில் பேசினார்கள். மூன்றாம் நாள் சாலையோரம் ஒரு தட்டைக் கல்மேல் ஏறி நின்றார். நோட்டிலிருந்த கோயில் மேட்டிலிருந்த கோயிலின்மேல் கோட்டுக்குக் கோடு போய் உட்கார்ந்தது. ஒரு பேரிமரத்தின் கிளை மட்டும் வலது பக்கச் சுவரை மறைத்தது. மரம் ஹராசிமின் தோட்டத்து மூலையில் நின்றது.

ஹராசிமும் லெவ்கோவும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள், ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். ஹராசிமின் மகள் லேஸ்யா பிறந்தது கடவுளே இல்லை என்ற ஆட்சிக் காலம், ஞானஸ்நானம் கொடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும். சமையலறையில் சன்னலுக்குப் போர்வை கட்டி, துணி துவைக்கிற தொட்டியில் தண்ணீர் ஊற்றித்தான் கொடுத்தார்கள். குழந்தையை ஞானத்தகப்பனாகக் கையில் வாங்கினவர் லெவ்கோ. அப்படி வாங்கினவரும் குழந்தையின் அப்பாவும் ஒருவருக்கொருவர் கூம். கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கூமோடு போடக்கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு நினைப்பு. அதனால் இரண்டு பேரும் கூமே, கூமே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஹராசிம் வெளியூர் போனால் தோட்டத்துக் கதவின் சாவி லெவ்கோவிடம் இருக்கும். வாத்துக்கும் பசுவுக்கும் தீனி வைப்பது அவர்தான்.

பேரிமரம் ஹராசிமின் மனைவி யூஸ்தினாவுடையது. கல்யாணமாகி வரும்போது பிறந்த வீட்டு மரத்திலிருந்து ஒட்டு எடுத்து, ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தவள். சின்னச் சின்னக் காய், கடித்தால் பல் கூசும். ஆனால் ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் போட்டு உலர்த்தினால் தேனும் புகையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காய்ச்சுகிற பழத்தண்ணீருக்கு அந்தக் காய் போடாத வீடு எங்கள் தெருவில் இல்லை. லெவ்கோ வீட்டுக்கு ஒரு பை தனியாக வரும்.

பணம் புழங்கப் புழங்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கீவிலிருந்து, போல்தாவாவிலிருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் பஸ்ஸாக. லெவ்கோ அவர்களைக் கல்லின்மேல் நிற்கவைத்து, நோட்டைப் பிடிக்கச் சொல்லி, கையை இப்படி இறக்கு, அப்படி ஏற்று என்று சரிசெய்வார். பிறகு உள்ளே கூட்டிப்போய் ஹெட்மான் புதைந்த இடத்துக் கல்லைக் காட்டுவார். எதிரிகள் வந்து எலும்பைத் தோண்டி வெளியே எறிந்துவிட்டார்கள், இப்போது கல்லுக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று மறைக்காமல் சொல்வார். கும்பிடுவதற்கு எலும்பு எதற்கு என்றும் சொல்வார்.

திரும்பக் கல்லுக்கு வந்து, ஹெட்மானின் கலகம் எப்படி மூண்டது என்ற கதையை அவர் சொல்கிறபோதுதான் கூட்டம் வாயைத் திறந்துகொண்டு கேட்கும். போஹ்தானுக்கு அப்போது ஐம்பது வயது. தேனீ வளர்த்துக்கொண்டு, வயலைப் பார்த்துக்கொண்டு, வம்புக்குப் போகாத மனிதர். அவர் பண்ணைமேல் ஒரு பிரபுவின் ஆளுக்குக் கண். போஹ்தான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து உள்ளே புகுந்து, எல்லாவற்றையும் நாசமாக்கி, சின்னப் பையனைச் சவுக்கால் அடித்துப் போட்டான். நியாயம் கேட்டுப் போன இடமெல்லாம் சிரித்தார்கள். அதற்கப்புறம்தான் அவர் கோசாக்குகளிடம் போனார், நாடே எரிந்தது. இந்த இடம் வந்ததும் லெவ்கோவின் கழுத்து சிவந்துவிடும். வீட்டுக்காரன் இல்லாதபோது வேலியைத் தாண்டுகிறவன் மனிதனா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார். பிள்ளைகள் இல்லை என்று கத்தும்.

யூஸ்தினாவுக்கு இதயத்தில் கோளாறு வந்தது ஒரு வசந்த காலத்தில். உயிர்த்தெழுந்த திருநாள் முடிந்த மறுநாளே ஹராசிம் அவளைச் செர்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சாவி வழக்கம்போல் லெவ்கோவிடம் வந்தது. அந்த வாரமே கீவிலிருந்து ஒருவர் காமிராவோடு வந்தார். நாட்காட்டிக்குப் படம் எடுக்கிறாராம். நோட்டும் கையும் கோயிலும் ஒரே படத்தில் வர வேண்டுமாம். கல்லின்மேல் நின்று பார்த்தவர், மரம் இடிக்கிறதே என்றார். நாளைக்குக் காலையில் வாங்க, சரியாக இருக்கும் என்று லெவ்கோ சொல்லிவிட்டார்.

திருநாள் வாரம் முழுவதும் நாங்கள் கோடாலி தொடமாட்டோம், ஊசிகூட எடுக்கமாட்டோம். லெவ்கோ ரம்பத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கதவைத் திறந்தார். மரம் பூத்து நின்றது. ஒரு கிளை என்றுதான் ஏறினார். அறுத்துப் போட்டுவிட்டுக் கல்லுக்கு ஓடிப் பார்த்தார், அடுத்த கிளை மறைத்தது. அதையும் எடுத்தார். இன்னொன்று. சாயங்காலத்துக்குள் மரமே தரையில் கிடந்தது. விறகாக வெட்டி, ஹராசிமின் கொட்டகையில் ஒழுங்காக அடுக்கிவைத்தார். பூவை மட்டும் கூட்டி முடியவில்லை. வாத்துகள் அதன்மேல் நடந்துகொண்டிருந்தன.

படக்காரர் காலையில் வந்து மூன்று தடவை அமுக்கிவிட்டுப் போனார். வருடக் கடைசியில் நாட்காட்டி வந்தபோது அதில் கோயில் இருந்தது, வேறு பக்கத்திலிருந்து, பனி மூடி. கையும் இல்லை, நோட்டும் இல்லை.

நான்கு நாள் கழித்து மாற்றுத்துணி எடுக்க ஹராசிம் தனியாக வந்தார். லெவ்கோ கதவருகிலேயே காத்திருந்தார். காற்றில் பிளந்துவிட்டது, உள்ளே உளுத்திருந்தது, வேலிமேல் விழும் போலிருந்தது, அதனால் இறக்கிவிட்டேன் என்று சொன்னார். ஹராசிம் நடந்துபோய் அடிக்கட்டையின்மேல் உள்ளங்கையை வைத்தார். வெட்டுப்பட்ட இடம் பாலாடைக்கட்டி மாதிரி வெளுப்பாக இருந்தது. கையை எடுத்துக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, "சரி" என்றார். அவ்வளவுதான். யூஸ்தினா வீடு திரும்புவதற்குள் அந்த இடத்தை மண்போட்டு மூடி, மேலே மழைத்தண்ணீர்த் தொட்டியை வைத்துவிட்டார்.

யூஸ்தினா வந்ததும் லெவ்கோ வீட்டுக்குத்தான் முதலில் வந்தாள். எங்க மரத்தால உனக்கு எவ்வளவு சிரமம், வேலியையாவது காப்பாத்தினியே என்று சொல்லி, ஒரு கிண்ணம் முட்டையை வைத்துவிட்டுப் போனாள். லெவ்கோ வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த முறை அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சாவி பக்கத்து வீட்டு ஸ்தேஃபாவிடம் போயிற்று. கோயில் வேலை தலைக்குமேல் இருக்கிறது, அதனால்தான் நம்மிடம் தரவில்லை என்று லெவ்கோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவர் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இருந்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கோடையிலேயே செய்தார். திருநாள் வாரத்தில் மரம் வெட்டினேன் சாமி என்று மெஃபோதியிடம் சொன்னார். நாற்பது முறை தரையில் விழுந்து கும்பிடச் சொன்னார் பாதிரியார். லெவ்கோ அறுபது முறை விழுந்தார். யாருடைய மரம் என்று பாதிரியார் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அப்புறம் மன்னிப்பு ஞாயிறு இருக்கிறதே. பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் கோயிலில் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். முதல் ஆள் அடுத்தவர் முன்னால் போய்க் குனிந்து, என்னை மன்னிச்சிடு என்று சொல்ல வேண்டும். அவர், ஆண்டவர் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன் என்று சொல்லித் தூக்கிவிட வேண்டும். இப்படி ஒவ்வொருவரும் ஒவ்வொருவரிடமும். நாற்பது பேர் இருந்தால் நாற்பது முறை. பாதிரியாரும் குனிவார், பஸ் ஓட்டுகிறவரும் குனிவார். முடிந்து வெளியே வரும்போது எல்லார் முகமும் குளித்த மாதிரி இருக்கும். லெவ்கோ ஒவ்வொரு வருடமும் ஹராசிம் முன்னால் மற்றவர்களைவிட ஒரு சாண் அதிகமாகவே குனிந்தார். ஹராசிமும் பதில் சொன்னார், தோளைத் தொட்டுத் தூக்கினார். முடிந்தது, தீர்ந்தது என்று லெவ்கோ வீட்டுக்குப் போவார். பன்னிரண்டு வருடம் இப்படிப் போயிற்று. நடுவில் யூஸ்தினா காலமாகி நான்கு வருடம் ஆகிவிட்டது. ஆண்டவர் அவளுக்கு நித்திய இளைப்பாற்றியைக் கொடுக்கட்டும். சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கினவர் லெவ்கோ.

இந்த நிலையில்தான் ஐந்து ஹிரிவ்னியா காசாக வந்தது.

திருமுழுக்குத் திருநாள் கழிந்து ஒரு வாரம் இருக்கும். கடைக்காரி லீதா பாக்கிச் சில்லறையோடு ஒரு வெள்ளைக் காசை வைத்தாள். லெவ்கோ எடுத்துப் பார்த்தார். ஹெட்மான் இருந்தார். திருப்பினார். ஐந்து என்ற எண்ணும் பூ வேலைப்பாடும்தான் இருந்தன. மறுபடி திருப்பினார்.

"என்ன அஞ்சுத்தாள், கள்ளக்காசான்னு பாக்குறியா?" என்றாள் லீதா.

"கோயில் எங்க?"

"என்னைக் கேட்டா? நானா அடிச்சேன்? அதான் மீசைக்காரர் இருக்காரே, போதாதா. நோட்டைக் கொஞ்சங்கொஞ்சமா எடுத்துடுவாங்களாம். இனிமே உனக்கு வேற பேரு தேடணும்."

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். லெவ்கோவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோயிலுக்குள் கைவிட்டு யாரோ எதையோ எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. மூலையில் ஹராசிம் காலி அட்டைப்பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருந்தார். வரும் வசந்தத்தில் அவர் வீட்டை விற்றுவிட்டுக் கிரெமென்சூக்கில் இருக்கிற லேஸ்யாவிடம் போவதாக ஊருக்கே தெரியும். லெவ்கோ காசை அவரிடம் நீட்டினார்.

"பாத்தியா கூமே, நம்ம கோயிலை எடுத்துட்டாங்க. இருபத்துமூணு வருஷம் இருந்துச்சு."

ஹராசிம் காசை வாங்கவில்லை, பார்த்தார். "இதுக்குத்தானே என் பேரிமரம் போச்சு" என்றார்.

லீதா திரும்பிக்கொண்டு அலமாரியில் இருந்த தீப்பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தாள். உளுத்த மரம் என்று சொல்ல லெவ்கோ வாயைத் திறப்பதற்குள் ஹராசிம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ப் பனிச்சறுக்கு வண்டியில் கட்டினார். லெவ்கோ பின்னாலேயே போனார்.

"கூமே, அதை நீ எப்பவோ மன்னிச்சுட்டேன்னு இருந்தேன்."

"நீ எப்பக் கேட்ட?"

"வருஷா வருஷம் கேக்குறேனே."

"வரிசையில கேட்ட. எனக்கு முன்னாடி ஸ்தேஃபாகிட்டக் கேட்ட, எனக்குப் பின்னாடி பஸ்காரன்கிட்டக் கேட்ட. அவங்களுக்கு நீ என்ன பண்ணின? ஒண்ணும் பண்ணல. எனக்கும் அதே குனிவுதான்." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "நான் எதை மன்னிக்கணும்னு சொல்லு. அப்புறம் பாக்கலாம்."

வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நோன்புக்கு முந்தின வாரம் எங்கள் வீடுகளில் இறைச்சி கிடையாது, பாலாடைக்கட்டி வைத்த கொழுக்கட்டைதான். லெவ்கோவின் மனைவி வார்க்கா ஒரு தட்டு நிறையச் செய்து, மேலே புளித்த பாலாடை ஊற்றி வைத்தாள். லெவ்கோ மூன்றைத் தின்றுவிட்டுக் கரண்டியை வைத்துவிட்டார். என்ன என்று கேட்டாள். கடையில் நடந்ததைச் சொன்னார். மரத்தைப் பற்றி அவளிடமும் இத்தனை வருடமாக உளுப்புக் கதையைத்தான் சொல்லிவைத்திருந்தார். வார்க்கா ஆச்சரியப்படவில்லை.

"அவன் உனக்குப் பாதிதான் சொல்றான், கவனிச்சியா?" என்றாள்.

"என்ன பாதி?"

"வரிசையில. எல்லாருக்கும் ஆண்டவர் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்னு சொல்றான். உனக்கு ஆண்டவர் மன்னிப்பாரோட நிறுத்திடுறான். உன் பின்னாடிதானே நிக்கிறேன், காது கேக்காதா எனக்கு?"

"ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"உனக்கும் கேக்கும்னு நெனச்சேன்யா."

லெவ்கோவுக்கும் கேட்டிருந்தது. முதல் வருடமே கேட்டிருந்தது. ஹராசிம் எப்போதும் பேச்சில் கஞ்சன் என்று ஒதுக்கிவைத்திருந்தார்.

மன்னிப்பு ஞாயிறு அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் சட்டை மாற்றிக்கொண்டு ஹராசிம் வீட்டுக்குப் போனார். சாயங்கால ஆராதனைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. பனி உருகி வழியெல்லாம் சேறு. கல்லைத் தாண்டும்போது நின்று பார்க்கவில்லை. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சுவரெல்லாம் வெறிச்சென்று இருந்தது. திருவுருவப் படங்கள் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. ஹராசிம் மேசைமேல் படங்களை வைத்து ஒவ்வொன்றாகத் துவாலையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"உக்காரு" என்றார்.

லெவ்கோ உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கூமே, அது நல்ல மரம். காத்தும் அடிக்கல, உளுக்கவும் இல்ல. ஒரு கிளைன்னு ஏறினேன். கோயில் தெரியல, இன்னொண்ணு எடுத்தேன். அப்புறம் மரம் அலங்கோலமா நின்னுச்சு. நீ வந்து பாத்தா என்ன சொல்றதுன்னு பயம் வந்துடுச்சு. அடியோட எடுத்துட்டா காத்துன்னு சொல்லிக்கலாம்னு எடுத்தேன். மறைச்சதுக்காகக்கூட வெட்டல. பயத்துல வெட்டினேன். உன் சாவியாலதான் உள்ள வந்தேன்."

ஹராசிம் துவாலையின் முனையை மடித்துச் செருகினார். அடுத்த படத்தை எடுத்தார்.

"தெரியும். கைய வெச்சுப் பாத்தேன்ல" என்றார். படத்தைச் சுற்றி முடித்து, "யூஸ்தினாவுக்குத் தெரியாது" என்றார்.

லெவ்கோ தொப்பியைக் கைமாற்றிக்கொண்டார்.

"நீ சொன்னதையே அவகிட்டச் சொன்னேன். அவ என்ன பண்ணினா தெரியுமா? துணி காயப்போட அந்த மரத்துல ஒரு ஆணி அடிச்சு வெச்சிருந்தா. அந்த ஓட்டை வழியாத்தான் தண்ணி எறங்கி உளுத்துச்சுன்னு முடிவு பண்ணிட்டா. மத்த மரத்துல இருந்த ஆணியெல்லாம் பிடுங்கினா. கடைசியா ஆஸ்பத்திரியில படுத்திருக்கப்பகூட, அம்மா வீட்டு மரத்தை நானே ஆணி அடிச்சுக் கொன்னுட்டேனேன்னா."

"நீ சொல்லியிருக்கலாமே கூமே."

"சொல்லியிருக்கலாம். சொன்னா உன் வாசல மிதிக்கமாட்டா. அவளுக்கு இந்தத் தெருவுல இருந்தது உங்க வீடு ஒண்ணுதான். எனக்கும். அதனால நானும் வாய மூடிக்கிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு." அவர் கை ஒரு படத்தின்மேல் சும்மா இருந்தது. "நீயா சொல்லுவேன்னுதான் இருந்தேன். அந்தக் கல்லு மேல நின்னுக்கிட்டுத் தினம் கதை சொல்லுவியே, எங்க சன்னல் வரைக்கும் கேக்கும். ஹெட்மான் ஊர்ல இல்லாதப்ப உள்ள பூந்தவன் கதை. நல்லாச் சொல்றான்ல, அப்படின்னு யூஸ்தினா வேலைய நிறுத்திட்டுக் கேப்பா. அந்த இடம் வரும்போதெல்லாம், இன்னிக்காவது நடுவுல நிறுத்திடுவான்னு பாப்பேன். நீ நிறுத்தினதே இல்ல. மனுஷனான்னு கேப்ப. பிள்ளைங்க இல்லைன்னு கத்தும்."

லெவ்கோவின் தொப்பி கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை. எத்தனை பஸ், எத்தனை பிள்ளைகள். ஒரு தடவைகூட, உள்ளே புகுந்த அந்த ஆளின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

அவர் குனிந்தார். கோயிலில் குனிகிற மாதிரி வரவில்லை, முழங்கால் மடங்கித் தரையில் கை ஊன்றிக்கொண்டார். "என்னை மன்னிச்சிடு ஹராசிம்" என்றார். கூமே என்று வாயில் வரவில்லை.

ஹராசிம் மேசையைச் சுற்றி வந்தார். அவருக்கும் முழங்கால் சரியில்லை, குனிய நேரம் ஆயிற்று.

"ஆண்டவர் மன்னிப்பார். நானும் மன்னிக்கிறேன்" என்றார். தோளைப் பிடித்துத் தூக்கினார். பிறகு சொன்னார்: "என் பங்கை. அவ பங்கு என் கையில இல்ல லெவ்கோ. இருந்தா கொடுத்துடுவேன்."

பன்னிரண்டு வருடமாக எதைக் கேட்டுவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று இருந்ததோ, அதைக் கேட்டாகிவிட்டது. நெஞ்சு லேசாகவில்லை.  பிறகு ஹராசிம் மேலங்கியைப் போட்டுக்கொண்டார். எங்கே என்று லெவ்கோ கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டம் ஊருக்குக் கிழக்கே, சரிவில். வெயில் இருந்தது, காற்று ஈரமாக இருந்தது. வழியில் ஸ்தேஃபா எதிரே வந்து, இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, கோயிலுக்கு இந்தப் பக்கமாவா போறீங்க என்று கேட்டாள். ஹராசிம் கையை மட்டும் ஆட்டினார். கல்லறைத் தோட்ட வாசலுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். "நீ போ" என்றார்.

யூஸ்தினாவின் சிலுவைக்கு நீல வண்ணம் அடித்திருந்தது. லெவ்கோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பேச ஆரம்பித்தபோது வீட்டில் சொன்ன மாதிரி வார்த்தைகள் வரிசையாக வரவில்லை. "யூஸ்தினா, ஆணியால இல்லம்மா" என்றார். அதையே இன்னொரு தடவை சொன்னார். "ஆணியால இல்ல. மரம் கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. பூத்துக்கிட்டு இருந்துச்சு. நான்தான் வெட்டினேன். நீ முட்டை கொண்டுவந்தப்ப சொல்லியிருக்கணும்."

பிறகு மண்டியிட்டு, உருகின பனியும் மண்ணும் கலந்த தரையில் நெற்றியை வைத்து, மன்னிப்புக் கேட்டார்.

எங்கள் வழக்கத்தில் கேட்டவர் தானாக எழுந்திருக்கமாட்டார். பதில் வந்த பிறகு, அடுத்தவர் தொட்டுத் தூக்கின பிறகுதான் எழுந்திருப்பார். லெவ்கோ எழுந்திருக்கவில்லை. காற்சட்டை முழங்காலில் நனைந்து, ஈரம் மேலே ஏறியது. சரிவுக்குக் கீழே யாரோ நாயைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. வாசலில் நின்ற ஹராசிம் முதலில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இந்தப் பக்கம் பார்த்தார். ரொம்ப நேரம் ஆன பிறகு மெதுவாக நடந்து வந்து, லெவ்கோவின் அக்குளில் கை கொடுத்தார்.

"எந்திரி. அவ சொல்லமாட்டா."

"தெரியும்" என்றார் லெவ்கோ, நெற்றியை எடுக்காமல். "கொஞ்சம் இரு."

ஹராசிம் கையை எடுத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றார். அன்றைக்குச் சாயங்கால ஆராதனை மணி அரை மணி நேரம் தாமதமாகத்தான் அடித்தது. வரிசையில் நின்றபோது லெவ்கோவின் நெற்றியில் மண் ஒட்டியிருந்ததை எல்லாரும் பார்த்தோம். பாதிரியார் மெஃபோதி அவர் முன்னால் குனிந்து எழுந்தபோது அதைத் துடைத்துவிடக் கையைத் தூக்கினார், பிறகு துடைக்காமலே விட்டுவிட்டார்.